வீட்டில் யாரையாவது புக் பண்ணித் தரச் சொல்லணுமாம்

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கச்சேரி டிக்கெட் விற்கிற அந்த நிறுவனம், தளத்தில் தன்னால் டிக்கெட் எடுக்க முடியவில்லை என்று எழுதிய பார்வையில்லாத என் தோழிக்கு அனுப்பிய பதில். "மேடம், வீட்ல பார்வை உள்ள யாரையாவது புக் பண்ணித் தரச் சொல்லுங்களேன்." அந்தப் பதிலைக்கூட விட்டுவிடலாம். அதற்குக் கீழே நம்ம ஆட்கள் வந்து எழுதினார்களே, "இதுல என்ன தப்பு, மரியாதையாத்தானே சொல்லியிருக்காங்க" என்று, அதுதான் என்னை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

பட்டாபிராமிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் தனியாக வேலைக்கு வந்து போகிறவள் அவள். சொந்தச் சம்பளம், சொந்த வங்கிக் கணக்கு. தன் டிக்கெட்டைத் தானே எடுக்க வேண்டும் என்றுதான் கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நடந்தது என்ன என்று தெரியாமலே பலர் பேசுகிறீர்கள். தேதி, நேரம் வரைக்கும் என்விடிஏ ஒழுங்காகப் படித்திருக்கிறது. (இலவச ஸ்க்ரீன் ரீடர், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத ஒருவர் தொடங்கியது. இங்கே எங்களில் நிறையப் பேருக்கு அதுதான் கண்.) சீட் எடுக்கிற பக்கம் வந்ததும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்கிறது. எந்த வரிசை, எந்த எண், என்ன விலை, விற்றுப்போனதா இல்லையா, எதுவுமே கிடையாது. இவள் தடவிக்கொண்டிருக்கும்போதே கொடுத்த நேரம் முடிந்து முதல் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. அந்தப் பட்டன் ஒவ்வொன்றுக்கும் "சி வரிசை, 14, 800 ரூபாய்" என்று புரோகிராம் கோடில் ஒரு பெயர் வைத்திருந்தால் போதும். பார்வை உள்ளவர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளிகூட மாறாது.

"அதுக்கெல்லாம் செலவாகும்" என்கிறார் ஒருவர். ஆகும். கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்து வாசல் வைத்தால் செலவாகத்தான் செய்யும். முதலிலேயே வைத்திருக்க வேண்டியதுதானே? இணையதளத்தை எல்லோருக்குமாக எப்படிக் கட்டுவது என்பதற்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை 1999-லேயே வந்துவிட்டது. உங்கள் தளத்துக்கு என்ன வயது?

"எத்தனை பேர் வரப்போறாங்க" என்று இன்னொருவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் எழுத்தைப் படிக்க முடியாமல் போனைத் தள்ளிப் பிடிக்கிற உங்கள் அப்பா அதில் சேர்த்தி இல்லை.

சட்டம் கேட்டவர்களுக்கு: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. பிரிவு 46-ஐப் படியுங்கள். அரசோ தனியாரோ, சேவை தருகிற எல்லோரும் அதை மாற்றுத்திறனாளிகளும் எட்டும்படி விதிகளின்படி தர வேண்டும். விதிகள் வந்ததிலிருந்து 2 வருடம் அவகாசம். விதிகள் வந்தது 2017-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்த பெண்களை, வங்கி கேஒய்சிக்காக, அதாவது அடையாளச் சரிபார்ப்புக்காக, கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்ன வழக்கு அது. டிஜிட்டல் சேவைகளை எட்டுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று தீர்ப்பு. சொன்ன அமர்வில் இருந்தவர்களில் ஒருவர் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஆர்.மகாதேவன். அந்தப் பெண்களிடமும் "வீட்ல யாரையாவது சிமிட்டச் சொல்லுங்க" என்பீர்களா?

அரசு இணையதளங்கள் பற்றித் தனியாக எழுத வேண்டும். எல்லாக் கருவிகளும் படிக்கிற பொது எழுத்துமுறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010-ல். இன்னமும் பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கை கைக்கு வருகிறது. திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் காதில் கொட்டுகிறது.

சரி, "கச்சேரிதானே, உயிரா போகுது" என்றவருக்கு வருகிறேன். போன வருஷம் இங்கே ஒரு லேபில் ஏ.எம்.எச். டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். கருமுட்டை இருப்பைக் காட்டுகிற டெஸ்ட். ரிப்போர்ட் பிடிஎஃப் வந்தது. திறந்தால் ஸ்க்ரீன் ரீடர் "வெற்றுப் பக்கம்" என்கிறது. பிரின்ட் எடுத்து, டாக்டர் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் பண்ணி அனுப்புவார்களாம். எழுத்தே கிடையாது, வெறும் படம். "ஓசிஆர் ஆப் இருக்கே" என்று சொல்ல வருகிறவர்களே, படத்தில் இருக்கிற எழுத்தைப் படித்துச் சொல்கிற அதையும் போட்டேன். "பூஜ்யம் எட்டு" என்றது. 0.8-ஆ, 8-ஆ? இருப்பு குறைவா, நிறையவா? அந்த ஒரு புள்ளியில்தான் என் வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது. லேபுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. வீட்டில் அப்போது அக்கா வீட்டுக்காரர் மட்டும்தான் இருந்தார். அவரிடம் போனை நீட்டினேன். அவர் தொண்டையைச் செருமினார். குரலைத் தணித்துக்கொண்டு படித்தார். 0.8.

சாயங்காலத்துக்குள் அக்காவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும். என் கணவர் வேலை முடிந்து வரும்போது அம்மா அழுதுகொண்டிருந்தார்கள்.

"உதவி கேட்பதில் என்ன அவமானம்" என்று எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள். உதவி கேட்டுத்தான் வளர்ந்தேன். ரோடு கடக்கக் கேட்பேன், பஸ் நம்பர் கேட்பேன், ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் என் கர்ப்பப்பை விஷயத்தையும் என் ஏடிஎம் பின் நம்பரையும் நான் யாரிடம் சொல்வது என்பதை முடிவு பண்ண லேப்காரர் யார், டிக்கெட் கம்பெனி யார்?

மாமா, நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. நான் போனை நீட்டியதால்தான் நீங்கள் படித்தீர்கள், படித்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள உங்களாலும் முடிந்திருக்காது. ஆனால் அந்த எண் முதலில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் மாமா. என் கணவரிடம் அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.