மேய்ப்பவரைக் கேட்காமல் போட்ட சட்டம்

கார்த்திகை நெருங்கினால் போதும், ராஜஸ்தானின் புஷ்கர் ஒட்டகச் சந்தைப் படங்கள் இணையத்தில் வரத் தொடங்கிவிடும். மணல்மேடு, சாயும் சூரியன், சிவப்புத் தலைப்பாகைக்காரர், பின்னால் வரிசையாக ஒட்டகங்கள். கீழே "என்ன ஒரு சுதந்திரமான வாழ்க்கை" என்று நாலு பேர், "பாவம், இவங்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்து ஓரிடத்தில் உட்கார வைக்கக் கூடாதா" என்று இன்னும் நாலு பேர். கொஞ்ச காலம் ஜோத்பூர் பக்கம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இந்த இரண்டு கூட்டத்தின் மீதும் எரிச்சல்தான் வரும்.

அந்தத் தலைப்பாகைக்காரர் பெரும்பாலும் ராய்கா சமூகத்தவராக இருப்பார். ரபாரி என்றும் சொல்வார்கள், பெயருக்குப் பின்னால் தேவாசி என்று போட்டுக்கொள்வார்கள். பார்வதி விளையாட்டாக மண்ணில் ஒரு கோணல்மாணலான மிருகம் செய்தாளாம், சிவன் அதற்கு உயிர் கொடுத்தாராம், அது அடங்காமல் திரியவே அதை மேய்க்கவென்று ஓர் ஆளையும் படைத்தாராம். அந்த ஆளின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் கதை. ஒட்டகம் அந்த ஊருக்கு வந்ததற்கும் ஒரு கதை உண்டு. பாபூஜி என்ற வீரர் தன் அண்ணன் மகளின் கல்யாணச் சீருக்காக இலங்கைக்கே போய், ராவணனிடமிருந்து ஒட்டகங்களை ஓட்டி வந்தார் என்று ராத்திரி முழுக்கப் பாடுவார்கள். (ராவணன் ஒட்டகம் வளர்த்த சேதி நமக்கு யாரும் சொல்லவில்லை.)

சரி, அன்றாடம் எப்படி இருக்கும்? மந்தையோடு இருக்கும் ஆண்கள் ஊருக்கு வெளியே, திறந்த வெளியில்தான் தூங்குவார்கள். விடிந்ததும் பால். முதலில் கன்றை ஊட்டவிட்டுப் பால் சுரந்த பிறகு, ஒற்றைக்காலில் நின்று, மடக்கிய தொடை மேல் பாத்திரத்தை வைத்துக் கறக்க வேண்டும், ஏனென்றால் மடி அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. கன்றுக்கு இரண்டு காம்பு, மனிதருக்கு இரண்டு காம்பு. பாத்திரம் இல்லாவிட்டால் எருக்கிலையை மடித்து அதிலேயே குடிக்கிற பழக்கம் உண்டு, எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கும். அப்புறம் மந்தை மேயப் போகும். வன்னி, இலந்தை, கேர்ப் புதர் என்று ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் கடித்துவிட்டு ஒட்டகம் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரே மரத்தை மொட்டையடிக்காது. ஜெய்சல்மேர் பக்கத்தில் கோடையில் அவிழ்த்தே விட்டுவிடுவார்கள். தாகம் எடுத்தால் தண்ணீர்த் தொட்டிக்குத் தானாக வரும், வராவிட்டால் காலடித் தடத்தைப் பார்த்துத் தேடிப் போவார்கள். இது யாருடைய ஒட்டகம், போய் எவ்வளவு நேரம் ஆச்சு என்பதெல்லாம் தடத்திலேயே தெரியும்.

செம்மறி வைத்திருப்பவர்கள் கதை வேறு. தீபாவளி கழிந்ததும் பல குடும்பங்கள் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆடுகளோடு ஹரியானா, மத்தியப் பிரதேசம் பக்கம் நடக்கத் தொடங்கி, மழைக்காலம் வரும்போது திரும்புவார்கள். இந்தக் கூட்டத்துக்கு டாங் என்று பெயர். நம்பர்தார் என்ற தலைவர் நாளைக்கு எங்கே தங்குவது, எந்த விவசாயியிடம் பேசுவது, வனத்துறை ஆளையும் போலீசையும் எப்படிச் சமாளிப்பது என்று முடிவு செய்வார். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைப்பார்கள், எருவுக்குப் பதிலாக விவசாயி தானியமோ காசோ கொடுப்பார். நம் ராமநாதபுரத்துக் கீதாரிகள் கிடை போடுவதும் இதே கணக்குத்தான். இதில் யாரும் படம் எடுக்காத வேலை பெண்களுடையது. ஆண்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கட்டில், பாத்திரம், கம்பு மாவு, நேற்று பிறந்த குட்டி, கைக்குழந்தை எல்லாவற்றையும் ஒட்டகத்தின் மேல் ஏற்றி, அடுத்த இடத்துக்குப் போய், இறக்கி, தண்ணீர் தேடி, ரொட்டி தட்டி வைப்பது அவர்கள், மறுநாள் காலையில் மறுபடி எல்லாவற்றையும் ஏற்றுவதும் அவர்கள்தான். இதைச் சுதந்திரம் என்று எழுதுபவர் ஒரு வாரம் அந்தச் சுமையை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும்.

இப்போது என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். 2014ல் ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015ல் ஒரு சட்டம் போட்டது, ஒட்டகத்தை வெட்டக்கூடாது, அனுமதி இல்லாமல் மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் ராய்காக்களின் வரவு செலவைக் கொஞ்சம் பாருங்கள். கறி தின்பது பெரும்பாவம். பாலை விற்பதும் பாவம், பிள்ளையை விற்பது போல என்பார்கள் பெரியவர்கள். பெட்டை ஒட்டகத்தை வெளியாருக்கு விற்பது வழக்கமில்லை. மிச்சம் இருந்த ஒரே வருமானம் ஆண் ஒட்டகத்தைச் சந்தையில் வண்டிக்கும் உழவுக்கும் விற்பது. டிராக்டர் வந்து அதில் பாதியைத் தின்றது, மீதிப் பாதிக்கு வெளி மாநில வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களில் சிலர் வாங்கியது கறிக்குத்தான் என்பது ஊரறிந்த விஷயம், யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். சட்டம் வந்ததும் வெளியிலிருந்து வாங்குகிறவர்கள் குறைந்தார்கள், பல்லாயிரம் ரூபாய்க்குப் போன ஆண் ஒட்டகம் சில ஆயிரத்துக்கு இறங்கியது. விற்க முடியாத மிருகத்தை எவன் வளர்ப்பான்? 2012 கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் 3.26 லட்சம் ஒட்டகங்கள், 2019ல் 2.13 லட்சம். எல்லாவற்றுக்கும் சட்டமே காரணம் என்று சொல்லவில்லை, 1980களில் நாடு முழுக்க 10 லட்சத்துக்கு மேல் இருந்தவை அதற்கு முன்பே சரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் சரிவைத் தடுக்க வந்த சட்டம் சரிவுக்கே உதவியது. கன்று பிறந்தால் தவணையாக 10,000 ரூபாய் என்று 2016ல் ஒரு திட்டம் வந்தது. அது கன்றை அரசுக் கணக்கில் ஏற்றப் பயன்படும், வளர்ந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

பாலில் ஒரு வழி திறந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2016ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒட்டகப் பாலுக்குத் தர அளவு வகுத்தது, 2019ல் அமுல் குஜராத்தில் அரை லிட்டர் பாட்டிலை 50 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பாவம் என்று சொன்ன பெரியவர்களின் பேரன்களே இப்போது பால் விற்கத் தயார். மந்தை நிற்கும் இடத்துக்கும் குளிரூட்டும் நிலையத்துக்கும் நடுவில் பல மைல் மணல், அதுதான் சிக்கல். நிலையம் அமைப்பதும் வண்டி விடுவதும் அரசால் முடியாத காரியமா என்ன.

ஆனால் பாலோ விலையோ எதுவானாலும் மேய நிலம் வேண்டுமே. 1958ல் வேலை தொடங்கிய கால்வாய், இப்போது இந்திரா காந்தி பெயரில் இருப்பது, மேய்ச்சல் நிலத்தை வயலாக்கியது. தண்ணீர் வந்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் பாதைகள் அடைபட்டதும் உண்மை. இப்போது சூரிய மின்சாரம். பட்லா சூரிய மின்பூங்காவில் மட்டும் 14,000 ஏக்கர் அளவில், 2,245 மெகாவாட். நிலப் பதிவேட்டில் அதெல்லாம் தரிசு. மேய்ப்பவருக்கு அது தீவனக் கிடங்கு. ஓரண் என்று கோயில் காடுகள் உண்டு, தெய்வத்தின் பெயரால் விட்ட நிலம், மரம் வெட்டக்கூடாது, மேய்க்கலாம். ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரணிலேயே உயரழுத்த மின்கம்பிகள் போய்விட்டன. அங்கிருக்கும் கானமயிலுக்கு அந்தக் கம்பி எமன் என்பதால் அந்தப் பறவைக்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது, நல்லது. ஒட்டகக்காரருக்காக அந்த அளவுக்குச் சத்தம் எழவில்லை.

பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? மும்பை, பெங்களூரு, நம் சென்னை. அடுத்த தடவை ஒரு கடையில் தேவாசி என்ற பெயரைப் பார்த்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், தாத்தா எத்தனை ஒட்டகம் வைத்திருந்தார் என்று சொல்வார். அவர்கள் படிக்கக்கூடாது, தாத்தா மாதிரியே நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. விட்டுப் போக விரும்புபவர் போகட்டும். இருக்க விரும்புபவரைத் துரத்தாதீர்கள்.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓரண்களை எல்லாம் அளந்து, வரைபடமாக்கி, வனமாக வகைப்படுத்தச் சொல்லியிருக்கிறது. மின்கம்பிக்கு இது தடை போடும் என்பதால் பலருக்குச் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் வனம் என்று பலகை வைத்தால் முதலில் வெளியே போகச் சொல்லப்படுவது யார் என்பது ராய்காக்களுக்குத் தெரியும், கும்பல்கர் சரணாலயத்தில் அதை அனுபவித்தவர்கள் அவர்கள். நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சல் உரிமை 2006 வன உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ஓரணை அளக்கப் போகும் அதிகாரிகள் அங்கே மேய்ப்பவர்களின் பெயரையும் அதே கோப்பில் எழுதி, மேய்ச்சல் உரிமையை அப்போதே கையில் கொடுத்துவிட்டு வரட்டும், பலகையை அதற்குப் பிறகு நட்டுக்கொள்ளலாம்.