மாயவரம், கும்பகோணம் பக்கமும் கொஞ்சம் பாருங்கள்

கூத்துப்பட்டறை (1977), பரீக்ஷா (1978) ஆகிய நவீன நாடகக் குழுக்களின் தொடக்க காலம் பற்றிய உங்கள் தொடர் கட்டுரை நன்று. ஆனால் நவீன நாடகம் என்றாலே சென்னை, மதுரை என்று முடித்துவிட்டீர்களே! கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியே மாயவரம் பக்கத்துப் புஞ்சைக்காரர்தானே.

எண்பதுகளின் கடைசியில் கும்பகோணம் பக்கம் நாங்களும் ஒரு குழு வைத்திருந்தோம். 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், மேடையில்லா நாடகம் போட்ட வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பயிற்சிப் பட்டறைக்குப் பிறகு, மேடையே இல்லாமல் நாடகம் போடலாம் என்ற துணிச்சல் எங்களைப் போன்றவர்களுக்கும் வந்திருந்தது. ஒத்திகை ரைஸ்மில் களத்தில். காய்ந்த நெல்லைக் குவித்து மூடிய பிறகுதான் இடம் கிடைக்கும். இருட்டிய பிறகும் சிமெண்டுத் தரை சுடும். விழுந்து புரளும் காட்சி என்றால் முதுகெல்லாம் சுணை அரிப்பு. களத்து வாட்ச்மேன்தான் முதல் விமர்சகர். "பபூன் எப்பப்பா வருவான்?" என்பார். பபூன் கோமாளி வரும் ஸ்பெஷல் நாடகம் என்ற பழைய இசை நாடகத்தைப் பார்த்தே பழகிய மனுஷன், வேறென்ன கேட்பார்?

சம்பா அறுவடை முடிந்தால் கூட்டம் சேரும், துண்டு ஏந்தினால் சில்லறையும் விழும். நடவு நேரத்தில் நடிகர்களே வரமாட்டார்கள். பெண் வேடத்துக்கு ஆள் தேடிய கூத்து தனிக்கதை.

சரி, அடுத்த பகுதியில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறையையும், அங்கே பேராசிரியராக இருந்த சே. இராமானுஜத்தையும் பற்றி எழுதுங்கள்.