அந்த நானோ வீடியோவைப் பகிர்ந்தவர்களுக்கு

பேசாமல் கடந்து போய்விடலாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. எந்த வீடியோ என்று உங்களுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாத நானோ துகளில் மருந்தை ஏற்றி, ஒரு விளக்கைக் காட்டினால் தோல் புற்றுநோய் காலி, இனிமேல் கத்தியே வேண்டாம் என்கிற வீடியோ! அதன் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு உள்ளங்காலில் கறுப்பு மச்சம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆபரேஷனுக்குப் பயப்படுகிறார். இதற்காகக் காத்திருக்கலாமா?" வரிசையாக "காத்திருங்கள்" என்று பதில்கள். "உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்யச் சொல்லுங்கள்" என்று எழுதிய நான் மருந்துக் கம்பெனி ஆளாம்.

மருந்தும் ஒளியும் சேர்ந்து நோய்ச் செல்களைக் கொல்லும் ஒளிச் சிகிச்சை பொய் என்று நான் எங்கே சொன்னேன்? 1903-லேயே ம்யூனிக்கில் டாப்பைனர் குழுவினர் இயோசின் சாயமும் வெளிச்சமும் கொண்டு தோல் கட்டிகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். மருந்து செல்லுக்குள் சேரவேண்டும், அதற்கேற்ற ஒளி படவேண்டும், அங்கே ஆக்சிஜனும் இருக்கவேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது. சிவப்பு ஒளி தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதனால்தான் பேசல் செல் புற்று என்ற தோல் புற்றின் மேலோட்டமான வகைக்கும், தோலின் மேலடுக்கிலேயே நிற்கும் ஆரம்பநிலைப் புற்றான போவன் நோய்க்கும், புற்றாக மாறக்கூடிய வெயில் தடிப்புகளுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். கறுப்பு மச்சம் போலத் தோன்றும் மெலனோமா என்ற தோல் புற்று அப்படியில்லை. அதிலுள்ள மெலனின் என்ற நிறப்பொருள் ஒளியை விழுங்கிவிடும். நோயோ ஆழமாக இறங்கும், பரவும். நம்மைப் போன்ற கருநிறத் தோல்காரர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் வரும். வளர்கிற கறுப்பு மச்சத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வது கொடுமை.

"நானோ வந்தபிறகு எல்லாம் மாறிவிட்டது" என்கிறார்கள். ஓரளவு மாறியது, உண்மைதான். இந்தச் சிகிச்சையில் தடவும் மருந்தான அமினோலெவுலினிக் அமிலம் தோலின் மேலடுக்கைத் தாண்டத் திணறும். அதை நானோ துளிகளில் ஏற்றிய ஜெல்லுக்கு ஐரோப்பாவில் 2011-லும் அமெரிக்காவில் 2016-லும் அனுமதி கிடைத்தது, அந்த வெயில் தடிப்புகளுக்காக. ஊசி வழியாகச் செலுத்தும் துகள்களின் கதை வேறு. பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், செலுத்தியதில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்த அளவின் இடைநிலை, அதாவது நடு மதிப்பு, 0.7 சதவீதம். மீதியில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. வீடியோவில் இது ஏன் வரவில்லை?

என் சித்திக்கு நெற்றியில் பேசல் செல் புற்று வந்தபோது தடவும் மருந்தோடு இதே ஒளிச் சிகிச்சைதான் கொடுத்தார்கள். மருந்தைத் தடவி, வெளிச்சம் படாமல் மூடி, மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். அப்புறம் சிவப்பு விளக்கு. எரிச்சல் தாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் பதிந்தது. செவிலியர் குளிர்ந்த காற்றை முகத்தில் பாய்ச்சிக்கொண்டே இருந்தார். புண் ஆறிப்போனது, தழும்பும் அவ்வளவாக இல்லை. அந்தச் சிகிச்சைக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். என்னைப் போய் அதன் எதிரி என்கிறீர்கள்!

"நீ என்ன டாக்டரா?" இல்லை. பகிர்ந்தவர்களும் இல்லை. "நம்பிக்கையைக் கெடுக்காதே" என்பவர்களுக்குச் சொல்கிறேன்: மகன் கேட்டது நம்பிக்கை அல்ல, வழி. கூடவே பழகியவர்களே அந்தக் கூட்டத்தில் நின்று இதயக்குறி போட்டதைப் பார்த்தபோதுதான் எனக்கு வலித்தது. என் கருத்தை நீக்கிவிட்டார்கள். போகட்டும், என்னைத் திட்டுங்கள், பிளாக் செய்யுங்கள். ஆனால் "கறுப்பு மச்சம் வளர்ந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்" என்ற ஒரு வரியை அந்தப் பதிவின் தலையில் சேர்த்துவிடுங்கள்.