ஊட்டி மாடியில் ஸ்டேக் சுட மூன்று பர்னர் எதற்கு?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கேஸ் கிரில் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை பர்னர்?" அந்தக் கேள்வியே தப்பு. ஸ்டேக்குக்காக வாங்குவதானால் இரண்டைக் கேளுங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை வாட்? கம்பித் தட்டு எத்தனை கிலோ?

கணக்கு எளிது. மூன்று பர்னர், 6 கிலோவாட், தட்டு 3,400 சதுர சென்டிமீட்டர் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.8 வாட்கூட இல்லை. ஒற்றை பர்னர், 2.5 கிலோவாட், தட்டு 1,200 என்றால் 2.1 வாட். அட்டைப்பெட்டியில் பெரிய எண் போட்டது தோற்கிறது, சின்னது ஜெயிக்கிறது. சமவெளியில் நாலு துண்டு ஸ்டேக்குக்கு அந்தச் சின்னது போதும்.

இந்த வித்தியாசம் சென்னையில் அவ்வளவாக உறைக்காது, மலையில் உறைக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளிக் காற்றில் முக்கால் பங்கு அழுத்தம்தான் இங்கே. பர்னரின் திறனை ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 4 சதவீதம் குறைத்துக் கணக்கிடுவது எரிவாயுப் பொறியாளர்களின் வழக்கம். அப்படிப் பார்த்தால் 2.5 கிலோவாட் இங்கே 1.8 கிலோவாட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே ஊட்டிக்கு வாங்குபவர்கள் காகிதத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 முதல் 3 வாட் வரை இருப்பதைத் தேடுவது நல்லது. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் குழாயின் வாயில் இருக்கும் காற்றுத் தகட்டைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். கூடுதல் தீ வேண்டும் என்று ஜெட்டை, அதாவது எரிவாயு வெளிவரும் சிறு துளையை, துளைத்துப் பெரிதாக்குவது, ஹோட்டல் அடுப்பின் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டுவது, இரண்டும் ஆபத்து. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிரில்லாக இருந்தால் அதன் ரெகுலேட்டர் நம்மூர் சிலிண்டரின் வாயில் உட்காராது. நம்மூர் வீட்டு ரெகுலேட்டர் தருவது ஏறக்குறைய 30 மில்லிபார். கிரில்லின் அடியில் ஒட்டிய தகட்டில் அந்த அளவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேன்வகை பியூட்டேன் வேண்டாம். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்தை ஒட்டியது. ஜனவரி உறைபனி ராத்திரியில் கேன் பாதி நிறைந்திருக்கும்போதே தீ சுருங்கிவிடும். 5 கிலோ சிலிண்டர், ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஹோஸ், அவ்வளவுதான்.

இனி தட்டு. மெல்லிய எவர்சில்வர் கம்பி சீக்கிரம் சூடாகும், கறியை வைத்ததும் அதைவிடச் சீக்கிரம் ஆறிப்போகும். கனமான வார்ப்பிரும்பு சூட்டைச் சேமித்து வைத்துக் கறிக்குள் இறக்கும். தோசைக்கல் விஷயத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரில் வாங்கும்போது மட்டும் பளபளப்பில் மயங்கிவிடுகிறோம். மூடியைச் சாத்தி முழுத் தீயில் 20 நிமிடம் காய விடுங்கள். மூடியிலிருக்கும் வெப்பமானி காட்டுவது உள்ளே இருக்கும் காற்றின் சூடு, இரும்பின் சூடு அல்ல. அதை நம்பி அவசரப்பட வேண்டாம். புதுக் கிரில்லில் ஒருமுறை தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளைப் பரப்பி ஒரு நிமிடம் சுட்டுப் பாருங்கள். எங்கே கருகுகிறது, எங்கே வெளுப்பாக நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கறுப்புக் கோடு விழுந்தால் நன்றாகச் சுட்டாயிற்று என்று நினைப்பதுதான் பெரிய மயக்கம். கோட்டுக்கு நடுவே கறி சாம்பல் நிறத்தில் கிடந்தால் அது வெந்திருக்கிறது, முறுகவில்லை. முறுகலுக்கு மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கும்வரை அது தாண்டாது. ஊட்டியில் தண்ணீர் கொதிப்பதே சுமார் 93 டிகிரியில். அதனால் உப்பைத் தடவி 45 நிமிடம் ஃபிரிட்ஜில் திறந்து வையுங்கள். வெளியே எடுத்ததும் துணியால் அழுத்தி ஒற்றுங்கள். மூடுபனி நாளில் இரண்டாவது தடவையும் ஒற்ற வேண்டியிருக்கும். பாதி சமதளமாக, பாதி கம்பியாக வரும் தட்டு கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள், சமதளத்தில்தான் முழு முறுகல் வரும்.

கறிக்கடையில் அண்டர்கட், அதாவது மாட்டின் முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் மென்மையான சதை, கேளுங்கள். 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நம்மூரில் வெட்டுக்கு வருவது பெரும்பாலும் 10 வயது தாண்டிய, உழைத்து ஓய்ந்த மாடு. மற்ற பாகங்கள் குழம்புக்கும் சுக்காவுக்கும் அருமை, ஸ்டேக்குக்கு ரப்பர். அண்டர்கட்டில் கொழுப்பு குறைவு. எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் கறியில் தடவுங்கள். 3 சென்டிமீட்டர் கனம், பக்கத்துக்கு இரண்டரை நிமிடம். இடுக்கியால் தூக்கும்போது ஒட்டிக்கொண்டால் பிடுங்காதீர்கள், முறுகியதும் தானே விடும். பிறகு தீயைக் குறைத்து, மூடியைச் சாத்தி, கறியின் உள்ளே 63 டிகிரி வரும்வரை விடுங்கள். எடுத்தபின் ஐந்து நிமிடம் கத்தி படக் கூடாது.

மழை மாதங்களில் வார்ப்பிரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். சூடு ஆறுவதற்குள் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். ரெண்டு மாதம் மூடி வைத்த கிரில்லின் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டும், அதனால் காற்று அடைபட்டுத் தீ பின்னோக்கி எரியும். மறுபடி பற்றவைக்கும் முன் குழாயைக் கழற்றி பாட்டில் பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுங்கள். ஹோஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.