தவில் ஐயா என்ன படிச்சிருக்காருன்னு கேட்டவங்களுக்கு

எங்க புள்ளைக போற மியூசிக் ஸ்கூலோட பேரன்ட்ஸ் குரூப்ல புதன்கிழமை ராத்திரி ஒரு மெசேஜ் வந்துச்சுங்க. சொல்லிக் குடுக்கறவங்க எல்லாரோட படிப்பையும் போர்டுல எழுதி வைக்கோணும், ஃபீஸ் கட்டறோம்ல, யார் யாரோ வந்து கிளாஸ் எடுக்கறாங்கன்னு. உடனே ஏழெட்டுப் பேரு கட்டை விரலத் தூக்கிட்டாங்க. அதுக்குக் கீழ ஒருத்தரு நேராவே கேட்டுட்டாரு, அந்தத் தவில்காரருக்கு டிகிரி இருக்குதா இல்லையான்னு. ரெண்டு நாளா இதே நெனப்பு எனக்கு. குரூப்ல நாலு வரில பதில் போட்டா சண்டையாப் போயிரும், அதான் இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

அவருக்கு டிகிரி இல்லீங்க. அஞ்சாவதோட நின்னுட்டாரு. எட்டு வயசுல இருந்து அவங்க அப்பாகிட்ட தவில். கருக்கல்ல நாலு மணிக்கு எழுப்பி உக்கார வெச்சிருவாராம், பள்ளிக்கூடம் போனா வாசிச்சுப் பழகற சாதகம் கெட்டுப்போகும்னு நிறுத்திட்டாரு. அப்பறம் நாப்பது வருசத்துக்கு மேல கோயில், கல்யாணம், தேர் நோம்பின்னு அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் அலைஞ்சவரு. எம்பொண்ணு பன்னெண்டு வயசு, அவருகிட்டத்தான் தவில் கத்துக்கறா. பொம்பளப் புள்ளைக்குத் தவிலான்னு ஒரம்பரைல கேக்காத ஆளில்ல, அது இன்னொரு நாளைக்கு.

மொதல் நாள் அவரு கையக் காட்டி விளக்குனதப் பாத்திருந்தா அந்தக் கேள்வி வந்திருக்காதுங்க. வலது கை விரலுக்கெல்லாம் ஒரு கூடு மாட்டுவாங்க தெரியுமா, துணியச் சுத்தி மாவுப் பசை போட்டுக் காயவெச்சு கல்லு மாதிரி ஆக்கி வெச்சிருப்பாங்க, அது ஒவ்வொருத்தரு விரலுக்கும் தனித்தனியா செய்யோணும், இவ விரல் பொடுசுங்கறதால இவளுக்குன்னு அவரே உக்காந்து செஞ்சு குடுத்தாரு. இந்தக் கையில கூடு, அந்தக் கையில குச்சி, கட்டை பலாமரம், வலது பக்கத்து வலந்தலைக்குச் சத்தம் வேற இடது பக்கத்துத் தொப்பிக்குச் சத்தம் வேற, வெயில்ல இருந்தா தோல் எப்படி மாறும், மழைக்காலத்துல எப்படி இறங்கிப்போகும், அவ்வளவும் அவரு வாய்ல இருந்துதான் இவளுக்கு வந்துச்சு, ஒரு நோட்டுலயும் எழுதிக் குடுக்கல.

ஒரு நாள் இவ கேட்டா, கல்யாணத்துல கெட்டிமேளம் எப்ப ஆரம்பிக்கோணும்னு எப்படிங்க ஐயா தெரியும், யாராவது சொல்லுவாங்களான்னு. "கல்யாணத்த நடத்தி வெக்கற அருமைக்காரரு வாயப் பாக்க மாட்டேன் அம்மிணி, மாப்பிள்ளை கையத்தான் பாப்பேன், கை தாலிய எடுக்கறப்பவே என் கை எந்திரிச்சிரும்"னாரு. அப்பறம் சாமி பொறப்பாட்டுக்கு மல்லாரி, கம்பீரநாட்டை ராகத்துல நாதசுரம் எடுத்த உடனே தவில் எப்படிப் போய்ச் சேரோணும், தேர் திரும்பற எடத்துல என்ன வாசிக்கோணும்னு அரை மணி நேரம் சொன்னாரு. நான் வெளில செருப்புப் போட்டுட்டுக் கெளம்பறவ அப்படியே நின்னு கேட்டுட்டு இருந்தேன். எத்தன முகூர்த்தம் நின்னு வாசிச்சு வந்த வெவரமுங்க அது. எந்தப் பரீட்சைல இதக் கேள்வியா கேப்பீங்க?

அவரு மேல இன்னொரு கம்ப்ளெயின்ட்டும் அதே குரூப்ல வந்துச்சு, அடிக்கடி லீவு போடறாருன்னு. வைகாசி, ஆவணி, தைன்னா முகூர்த்தமுங்க, அதுதான் அவரு குடும்பத்துக்கு வருசச் சாப்பாடு. ஆடிலயும் மார்கழிலயும் ஒரு நாள் லீவு போட்டிருக்காரா பாருங்க. நம்ம கம்பெனில டெலிவரி சமயத்துல நாம ஊட்டுக்கே வர்றதில்ல, அத வேலைங்கறோம், அவரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனா மட்டும் பொறுப்பில்லைங்கறோம்.

அதுக்காக அவருகிட்ட கொறையே இல்லைன்னு சொல்ல வரல. அவருக்குப் பிரிச்சுச் சொல்ல வராது. புள்ளைக்குப் புரியலைன்னா மறுபடி வாசிப்பாரு, அப்பவும் புரியலைன்னா இன்னொருக்கா வாசிப்பாரு, அவ்வளவுதான். மிச்ரம் வந்தப்ப எம்பொண்ணு ரெண்டு வாரம் அழுதா, ஏழு எண்ணிக்கைல எங்கயோ ஒன்னு நழுவிட்டே இருந்துச்சு. அப்பத்தான் மிருதங்க சார் உள்ள வந்தாரு. அவரு கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, முப்பது வயசுக்கு மேல சாயந்தர கிளாஸ்ல சேந்து மிருதங்கம் கத்துக்கிட்டவரு. நோட்ட வாங்கி கட்டம் போட்டு, மூணும் நாலும் ஏழு அம்மிணி, தகிட தகதிமி, மொதல்ல கைதட்டிச் சொல்லு, அப்பறம் நட, அப்பறம் அடின்னாரு. ஒரே பொழுதுல வந்துருச்சுங்க. முப்பது வயசுல விரல் மடங்காம அவரு பட்ட பாடு இருக்குதே, அதனால புள்ளை எங்க தடுக்கி விழும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தவில் ஐயாவுக்கு எட்டு வயசுலயே கையோட வந்துட்டதால அந்த எடத்துல தடுக்கும்னே அவருக்குத் தெரியல. ஆனா கணக்கு வந்ததுக்கப்பறம் அந்த ஏழு ஒரு நடையா ஓடறதுக்கு மறுபடி ஐயாகிட்டத்தான் போகோணும், மிருதங்க சாரே அதச் சொல்லித்தான் அனுப்பி விட்டாரு. ரெண்டு பேருல ஒருத்தரு இல்லாட்டி எம்பொண்ணு அன்னைக்கே தவில மூட்டை கட்டியிருப்பா.

கவர்மென்ட்டே இத ஒத்துக்கிட்டிருக்குதுங்க. மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்குதே, ஈரோட்டுல, கரூர்ல எல்லாம், மூணு வருசப் படிப்பு. அதுல பாட்டு, வயலின், மிருதங்கம், பரதத்துக்கு ஏழாவது பாஸ் பண்ணியிருக்கோணும்பாங்க. நாதசுரம், தவில், தேவாரத்துக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும். அந்த மூணும் பள்ளிக்கூடத்துக்கு வெளில ஊட்டுலயும் கோயில்லயும் வளந்த படிப்புங்கறது அவங்களுக்கு வெளங்கியிருக்கு.

அதே சமயம் டிகிரி படிச்சவங்களக் கொறச்சுச் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. பாட்டு மிஸ் மலுமிச்சம்பட்டி அரசு இசைக்கல்லூரில படிச்சவங்க. குரூப்ல எல்லாரும் அவங்களக் கும்பிடறாங்க, நியாயந்தான், ஆனா அவங்க எங்கிருந்து வந்தாங்கன்னு யாரும் கேக்கல. சோமனூர்ப் பக்கம் தறிக் குடோன் ஊடு. அப்பா அம்மா ரெண்டு பேரும் தறி ஓட்டறவங்க, சுதின்னா என்னன்னு ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. தறி ஓடறப்பப் பேசோணும்னா கத்தோணும், சின்னதுல இருந்து அந்தச் சத்தத்துக்கு மேல பாடிப் பாடித்தான் அவங்களுக்கு அந்த எடுப்பான தொண்டை. கல்லூரில மொதல் வருசம் சுதில நிக்க முடியாம நின்னிருக்காங்க, கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேரு ஊட்டுலயே கேட்டு வளந்தவங்க. இப்ப அவங்க கிளாஸ்ல சுதி சேராத புள்ளையப் பாத்து இன்னொரு புள்ளை சிரிச்சா மிஸ் அன்னைக்குப் பாட்ட நிறுத்திருவாங்க. நான் கண்ணால பாத்திருக்கேன். அந்தக் கண்டிப்பு சர்டிபிகேட்டுல இருந்து வந்ததில்லீங்க.

போன ஐப்பசில ஒரு நாள் சாயந்தரம் நல்ல மழை, கரண்டு போயிருச்சு. கீபோர்டு கிளாஸ் நின்னுபோச்சு, எல்லாப் புள்ளைகளும் முன்னாடி ஹால்ல ஒன்னா உக்காந்துட்டாங்க. கீபோர்டு சார் பகல்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், ராத்திரி எட்டு மணிக்கு மேலயும் பையர் மெயில் வந்துட்டே இருக்கும் அவருக்கு. சர்ச் கொயர்ல சின்னப் பையனா சேந்து, அங்க ஆர்கன் வாசிச்ச பெரியவருகிட்ட நோட்டேஷன் படிச்சு வந்தவரு. அவரு கிடார எடுத்து சும்மா சி மேஜர் ஸ்கேல் வாசிச்சாரு. பாட்டு மிஸ் அந்தப் பக்கம் இருந்து "சார் இது எங்க சங்கராபரண ராகம்"னாங்க. சொவத்தோரம் உக்காந்திருந்த ஓதுவார் ஐயா, சனிக்கிழமை தேவாரம் சொல்லிக் குடுக்க வர்றவரு, "எங்க தேவாரப் பண் கணக்குல அது பழம்பஞ்சுரம்"னாரு. புள்ளைக மூணு பேரு வாயையும் மாறி மாறிப் பாக்கறாங்க. உடனே மிஸ் அவங்க டெய்லி பாடற சரளி வரிசையப் பாடச் சொன்னாங்க, மாயாமாளவகௌளை ராகம். ஓதுவார் ஐயா அதையே எடுத்து, இது இந்தளப் பண், இதுல சம்பந்தர் பாடியிருக்காருன்னு ஒரு பதிகத்தப் பாடிக் காட்டுனாரு. ரெண்டு வருசமா ஸரிகமன்னு கத்திட்டு இருந்த எம்பையன், ஏம்மா அப்ப இது பாட்டாங்கறான். அது வரைக்கும் அவனுக்கு அது எக்சர்சைஸ்.

அப்பறம் கீபோர்டு சார் கொஞ்சம் கூச்சப்பட்டுட்டே, எங்க சர்ச்சுலயும் இந்த மாதிரிப் பாட்டு இருக்குதுங்க, ராகம் பேரு எனக்குத் தெரியாது, கேட்டே வந்ததுன்னு ஒரு கீர்த்தனைய முனகுனாரு. மிஸ் பாதிலயே பேரச் சொல்லிட்டாங்க. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரு 1774ல பொறந்து 1864 வரைக்கும் இருந்தவரு, கிறிஸ்துவக் கீர்த்தனைகள கர்நாடக ராகத்துல போட்டவரு. அந்த வழி இன்னைக்கும் சர்ச்சுல ஓடிட்டு இருக்குது. முப்பது வருசமா அந்த ராகத்தப் பேரு தெரியாமலே பாடிட்டு இருந்த மனுசன் அன்னைக்கு ஃபோன்ல பேர எழுதி வெச்சுக்கிட்டாரு. கரண்டு வந்தும் கொஞ்ச நேரம் யாரும் எந்திரிக்கல. மூணு பேரும் ஒரே காலேஜ்ல ஒரே வாத்தியாருகிட்டப் படிச்சிருந்தா அந்தச் சாயந்தரம் நடந்திருக்குமாங்க?

வயலின் மிஸ் பத்திச் சொல்லப் பெருசா இல்ல, பாலக்காட்டுல இருந்து கல்யாணமாகி வந்தவங்க, அப்பா வழில வந்த வித்தை, பொறுமைசாலி.

இப்ப மனசுக்குக் கஷ்டமான விசயத்துக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை பறை சொல்லிக் குடுக்க ஒரு தம்பி வருதுங்க, பி.காம் படிச்ச தம்பி. டிகிரி வேணும்னு கேட்டவங்களே இந்தத் தம்பிக்கு டிகிரி இருந்தும் வேற கேள்வி கேக்கறாங்க. சாவுக்கு அடிக்கறத எதுக்குப் புள்ளைகளுக்குச் சொல்லித் தர்றீங்க, தம்பி என்ன ஆளுங்கன்னு. நம்மூர்ல அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும், மூடி மறைச்சு எழுத எனக்கு இஷ்டமில்ல. அந்தத் தம்பியோட அப்பா, அவங்கள ஊருக்குள்ள நடத்துன விதம் பொறுக்காமப் பறையத் தொடறதில்லைன்னு விட்டவரு, பையனும் தொடக்கூடாதுன்னு வளத்தவரு. தம்பி காலேஜ்ல நண்பர்களோட சேந்து, பேருக்கு இல்லாம விரும்பிக் கத்துக்கிட்டு வந்திருக்குது. வேப்பமரச் சட்டம், மாட்டுத்தோல், அடிக்குச்சி, சுண்டுக்குச்சி. தென்னை ஓலையக் கொளுத்தித் தோலக் காய்ச்சி, தட்டிப் பாத்து, மறுபடி காய்ச்சி, அந்தச் சத்தம் கணீர்னு வர்ற வரைக்கும் புள்ளைகளப் பக்கத்துல நிக்க வெச்சுக் காட்டும். தொல்காப்பியத்துல ஒவ்வொரு திணைக்கும் பறை கருப்பொருளா இருக்குது, தமிழ் பாடத்துல நாம படிச்சதுதானுங்க. புத்தகத்துல மார்க்குக்குப் படிக்கலாம், ஞாயித்துக்கிழமை நம்ம புள்ளை கையில எடுத்தா மட்டும் ஆகாதா? எனக்கு இதுல பெரிய வருத்தம். அந்த மெசேஜப் போட்டவங்க திரும்ப எடுத்துக்கோணும்னு நேராவே கேக்கறேன்.

கொடுமுடி சுந்தராம்பாள் 1908ல பொறந்தவங்க, நம்ம காவேரிக் கரை. வறுமைல ரயில்ல பாடிட்டு இருந்த புள்ளையத்தான் நாடகத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு எங்க அமுச்சி சொல்லும். 2024ல பத்மஸ்ரீ வாங்குன பத்ரப்பன் ஐயா, கோயமுத்தூர் வள்ளி கும்மி ஆசான், பொம்பளைகளையும் சேத்து ஆட வெச்சவரு. இவங்கள்லாம் நம்ம ஸ்கூலுக்குச் சொல்லிக் குடுக்க வந்திருந்தா நம்ம போர்டுல அவங்க பேருக்கு எதுக்கால என்ன எழுதியிருப்போம்?

பேரன்ட்ஸ் கேள்வியே கேக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. கேக்கோணும். புள்ளைகளத் தொட்டுப் பேசறாங்களா, அடிக்கறாங்களா, கதவு தெறந்து இருக்குதா, தனியா உக்கார வெக்கறாங்களான்னு கேக்கோணும், அதுக்கு யாரா இருந்தாலும் பதில் சொல்லோணும். தவில் ஐயாவுக்கு அவங்க அப்பா குச்சில அடிச்சு ஒரு விரல் இன்னைக்கும் நேரா நீளாது, அதக் காட்டித்தான் நான் யாரையும் அடிக்கறதில்லீங்கன்னு மொதல் நாளே எங்கிட்டச் சொன்னாரு. நான் கேட்டது அந்த ஒன்னுதான், அதுக்கு நல்ல பதில் கெடச்சுது.

போர்டு வைக்கறதுன்னாலும் வையுங்க, நான் தடுக்கல. பாட்டு மிஸ்ஸுக்கு இசைக்கல்லூரின்னு எழுதற அதே எழுத்து சைஸ்ல, தவில் ஐயாவுக்கு அவங்க அப்பா பேரும் எத்தன வருசம்னும் எழுதுங்க. கீபோர்டு சாருக்குச் சர்ச் கொயர்னு எழுதுங்க, தம்பிக்குப் பறைன்னு எழுதுங்க. அதோட கிளாஸ் கணக்குல குடுக்கற சம்பளத்தையும் எல்லாருக்கும் ஒன்னாக்குங்க, இப்பத் தவிலுக்கும் பறைக்கும் மட்டும் கம்மி, இது குரூப்ல நெறையப் பேருக்குத் தெரியாது.

வர்ற ஞாயித்துக்கிழமை பொழுதோட அஞ்சு மணிக்கு இதப் பத்திப் பேச மீட்டிங் வெச்சிருக்காங்க. அன்னைக்கு நல்ல முகூர்த்தம், தவில் ஐயா குன்னத்தூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருப்பாரு, வர முடியாது. அவரு சார்பா நான் பேசறேன்னு ஆபீஸ்ல பேரு குடுத்துட்டு வந்திருக்கேன். வர முடிஞ்சவங்க வாங்க.