மண்டபம் கேட்டவர்கள் பிச்சை கேட்கவில்லை

துவாலு என்ற பசிபிக் தீவு நாட்டுக் குடும்பங்களுக்கு மண்டபம் இல்லை என்று நமது தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் சொன்னதைப் பற்றி முகநூலில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்றிரவு வட்ஸ்அப் குழுவில் சுற்றிய அந்தக் குரல் பதிவைக் கேட்ட பிறகு முடியவில்லை. கேட்டவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "அவங்களுக்கு விசாவே குலுக்கலில விழுந்தது, இன்னும் என்ன வேணுமாம்?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் என் வீட்டில் கை நனைத்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் கூட வலிக்கிறது.

துவாலுக் குடும்பங்கள் கேட்டது என்ன? ஞாயிறு பின்னேரத்தில் மண்டபம் சும்மா பூட்டிக் கிடக்கும் நேரத்தில் சில மணித்தியாலங்கள். வாடகை தருகிறோம் என்று சொல்லித்தான் கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தங்கள் மொழி சொல்லிக்கொடுக்க வேண்டும், பெரியவர்கள் கூடியிருந்து பாட வேண்டும், புதிதாக வந்து இறங்குபவர்களை முகம் பார்த்து அறிமுகம் செய்ய வேண்டும், இவ்வளவுதான். நம் நிர்வாகக் குழுவினர் சொன்ன பதில்: சத்தம் வரும், காப்புறுதிப் பிரச்சினை, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்.

அரசாங்கம் விசா கொடுக்கும். விசா ஒருவரை விமானத்தில் ஏற்றி இறக்கும். இறங்கிய பிறகு அவரைத் தாங்கிப் பிடிப்பது சனம்தான். இது நமக்குத் தெரியாதா? உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரிய வேண்டாமா?

குலுக்கல் என்று சொல்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். 2023 நவம்பரில் குக் தீவுகளில் உள்ள ராரொடொங்காவில் வைத்து அவுஸ்திரேலியாவும் துவாலுவும் ஃபலேபிலி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2024 ஆகஸ்ட் 28 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வருடத்துக்கு 280 பேர், குலுக்கலில் தெரிவாகி, நிரந்தர வதிவிடத்தோடு வரலாம். 2025 ஜூன், ஜூலையில் நடந்த முதல் பதிவில் குடும்பத்தினரையும் சேர்த்து 8,750 பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஏறக்குறைய 11,000தான். ஒரு நாடே வரிசையில் நிற்கிறது என்று இதற்கு அர்த்தம். அதில் ஆசை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாரால் முடியும்? பெயர் கொடுத்த எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்திருக்கட்டும் என்று கொடுத்தவர்கள் நிறையப் பேர். நம் பெற்றோரும் அப்படித்தான் எங்கெங்கோ பெயர் கொடுத்து வைத்தார்கள்.

துவாலு என்பது 9 தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் 26 சதுர கிலோமீட்டர், நம் நெடுந்தீவில் பாதி அளவு. எந்த இடமும் கடல்மட்டத்தில் இருந்து ஐந்து மீட்டர் உயரம் இல்லை. சனத்தில் பாதிக்கு மேல் தலைநகரான புனாபுட்டியில்தான் இருக்கிறார்கள். அங்கே சில இடங்களில் வீதியில் நின்றால் ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு. வருடத் தொடக்கத்தில் வரும் பெரிய வற்றுப்பெருக்குக் காலத்தில் கடல் கரையைத் தாண்டி வருவது மட்டும் இல்லை, நிலத்துக்கு அடியில் இருந்தே ஊறி மேலே வருகிறது. நிலமே பவளப்பாறை என்பதால் சுவர் கட்டினாலும் அடியால் வரும் தண்ணீரை நிறுத்த முடியாது. புலாக்கா என்று ஒரு கிழங்கு, நம் சேம்பு இனம். நல்ல தண்ணீர் ஊறும் மட்டத்துக்குக் குழி தோண்டி, இலைதழை போட்டு, தலைமுறை தலைமுறையாக வளர்ப்பார்கள். அந்தக் குழிகளில் உப்பு ஏறிவிட்டது. குடிக்க மழைத் தண்ணீர்தான். 2011இல் மழை பொய்த்தபோது அவசரகால நிலை அறிவித்து, வெளியில் இருந்து உவர்நீக்கும் இயந்திரங்கள் கொண்டுவர வேண்டி வந்தது.

உப்புத் தண்ணீர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் புங்குடுதீவில் பிறந்தவள். எங்கள் வளவுக் கிணறு குளிக்கவும் பாத்திரம் கழுவவும்தான். குடிதண்ணீருக்கு அம்மம்மா குடத்தோடு நடப்பா, நான் பின்னால் சின்னச் செம்போடு ஓடுவேன். கோடையில் அந்த நல்ல தண்ணிக் கிணற்றிலும் வரிசை நிற்கும், சண்டை வரும். 1991இல் நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்டது உப்பால் அல்ல, யுத்தத்தால். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பூட்டிய வீட்டின் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போன அம்மம்மா, அதைச் சாகும்வரை வைத்திருந்தா. திறப்பதற்குக் கதவே இல்லை என்று தெரிந்த பிறகும் வைத்திருந்தா.

மெல்பேர்ணுக்கு வந்தபோது எங்களிடம் விசா இருந்தது. வேறு ஒன்றும் இருக்கவில்லை. ரயில் டிக்கெட் எடுக்கத் தெரியாது, ஹீட்டர் போடப் பயம், வைத்தியரிடம் போய் வருத்தத்தைச் சொல்ல மொழி இல்லை. பக்கத்துத் தேவாலயத்து வயதான பெண்கள் இரண்டு பேர் வந்து கோட்டும் கம்பளியும் தந்தார்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நாங்கள் சைவம் என்று தெரிந்தும் ஒரு நாள்கூட மதம் பேசவில்லை. நமது தமிழ்ப் பள்ளிக்கூடம் முதன்முதலாக எங்கே தொடங்கியது என்று பழையவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களுடைய தேவாலய மண்டபத்தில். வாடகை இல்லாமல். சரஸ்வதி பூசைக்குப் படம் வைத்துச் சாம்பிராணி போட்டோம், புகை எச்சரிக்கை மணி அலறியது, அவர்கள் யன்னலைத் திறந்துவிட்டார்கள். இன்றைக்குச் சொந்த மண்டபம் வந்ததும் நாம் காப்புறுதி பற்றிக் கதைக்கிறோம்.

சரி, சிலர் கேட்பது எனக்குத் தெரியும். "உண்மையிலேயே தீவு மூழ்குதா? பெரிதாகுது என்று ஆராய்ச்சி சொல்லுதே" என்று ஒரு தம்பி கட்டுரை இணைப்பு அனுப்பியிருக்கிறார். ஓம், 2018இல் ஓக்லாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது அது. 1971 முதல் 2014 வரை துவாலுவின் நிலப்பரப்பு மொத்தமாக 2.9 சதவீதம் கூடியதாகச் சொல்கிறது. அலைகள் பவளக் கல்லையும் மணலையும் ஒதுக்கிக் கரையில் சேர்ப்பதால் அப்படி நடக்கும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் தம்பி, கரையில் மணல் கூடினால் கிணற்றில் உப்புக் குறையுமா? வரைபடத்தில் நிலம் கூடுவதும் அந்த நிலத்தில் மனிதர் சமைத்துச் சாப்பிட்டு வாழ்வதும் வேறு வேறு. கடந்த 30 வருடத்தில் அங்கே கடல்மட்டம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஏறியிருப்பதாக நாசா சொல்கிறது. 2015இல் பாம் புயல் அந்த நாட்டுக்கு நேராக வராமல் தூரத்தால் போனபோதே, சனத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது.

"உழைக்கத்தானே வருகிறார்கள், அகதியா?" என்பது அடுத்தது. அகதி என்று அவர்கள் சொல்லவே இல்லை. சொன்னாலும் சட்டம் ஏற்காது. 1951 அகதிகள் சாசனத்தில் கடலுக்கு இடம் இல்லை. இன்னொரு பசிபிக் தீவு நாடான கிரிபட்டியில் இருந்து நியூசிலாந்துக்குப் போன ஒருவர் கடல் ஏறுவதைச் சொல்லி வழக்குப் போட்டு 2015இல் அங்குள்ள உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், திருப்பி அனுப்பப்பட்டார். உழைப்பதற்கு வருவது குற்றமா? நாங்கள் யாரும் உழைக்காமல் இந்த வீடுகளை வாங்கினோமா?

"அவுஸ்திரேலியா இரக்கப்பட்டுக் கொடுத்தது, அதற்கு மேல் கேட்கக்கூடாது" என்று ஒரு அண்ணை கூட்டத்திலேயே சொன்னார். அண்ணை, அந்த ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவைப் படியுங்கள். துவாலு வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்வதென்றால் அவுஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். ஒரு நாடு தன் முடிவெடுக்கும் உரிமையில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்து வாங்கிய விசா அது. அதே அவுஸ்திரேலியா 2025 செப்டம்பரில் தன் மேற்குக் கடலோரத்தில் உள்ள வடமேற்குத் திட்டு எரிவாயுத் திட்டத்தை 2070 வரை நடத்த அனுமதி கொடுத்தது. ஒரு கையால் வாயுவை எடுத்து விற்றுக்கொண்டு மறுகையால் 280 விசா கொடுப்பதற்குப் பெயர் இரக்கமா? 2015இல் அன்றைய குடிவரவு அமைச்சர் பீட்டர் டட்டன், ஒலிவாங்கி வேலை செய்வது தெரியாமல், வாசலுக்குக் கடல் வரும் பசிபிக் மக்களைப் பற்றி ஒரு பகிடி விட்டார். நாடே கொதித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். நமது வட்ஸ்அப் குழுவில் "அவங்களுக்கு நீந்தத் தெரியும்தானே" என்று எழுதியவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி, எனக்கே நெஞ்சில் குத்தும் கேள்வி. "எங்கட பெடியள் படகில வந்து இத்தனை வருசமாய் பிரிட்ஜிங் (தற்காலிக) விசாவில அல்லாடுறாங்கள், நவ்ரூவில அடைச்சு வைச்சாங்கள், இவங்களுக்கு மட்டும் இறங்கின உடனே பிஆரா (நிரந்தர வதிவிடமா)?" இந்தக் கேள்வியை நான் சாதாரணமாகத் தள்ளமாட்டேன். 2012, 2013இல் வந்த பிள்ளைகள் சிலர் இன்னமும் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் வருமா என்று பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரிய அநியாயம். ஆனால் அதைச் செய்தது கன்பரா அரசாங்கமா, துவாலுக்காரரா? கன்பரா மேல் இருக்கும் கோபத்தை, ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்துப் பாட இடம் கேட்டவர்கள் மேல் காட்டுவது என்ன வீரம்?

அப்புறம் பிலோயிலாவை மறந்துவிட்டோமா? குயின்ஸ்லாந்தில் உள்ளே கிடக்கும் ஒரு சின்ன ஊர். இறைச்சித் தொழிற்சாலை, நிலக்கரிச் சுரங்கம், வெள்ளைக்காரப் பண்ணைக் குடும்பங்கள். 2018 மார்ச்சில் விடியப்புறம் ஒரு தமிழ்க் குடும்பத்தை நாடுகடத்துவதற்காக அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போனபோது, அந்த ஊர்ச்சனம் விடவில்லை. நான்கு வருடம் கையெழுத்து வாங்கினார்கள், கடிதம் எழுதினார்கள், பாராளுமன்ற வாசலில் போய் நின்றார்கள். 2022 ஜூனில் அந்தக் குடும்பம் திரும்பி வந்து இறங்கியபோது ஊரே திரண்டு வந்தது. "எங்கள் விவசாயிகளுக்கே கஷ்டம், இவர்கள் யார்" என்று அந்தச் சனம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றைக்கு நாம் எல்லோரும் அழுதோம், படத்தைப் பகிர்ந்தோம். இன்றைக்கு நம்மிடம் ஒரு திறப்பைத்தான் கேட்கிறார்கள்.

துவாலுக்காரர் கையேந்திப் பழகிய சனமும் இல்லை. 1946இல் வைத்துப்பு தீவு மக்கள், யுத்தக் காலத்தில் அமெரிக்கரிடம் வேலை செய்து சேர்த்த பணத்தைப் பொதுவில் போட்டு, பிஜியில் கியோவா என்ற தீவையே விலைக்கு வாங்கினார்கள். அடுத்த வருடம் முதல் குடும்பங்கள் போய்க் குடியேறின. இன்றைக்கும் அவர்களின் சந்ததி அங்கே இருக்கிறது. ஓக்லாண்டில் நனுமேயாக்காரர், நுக்குஃபெட்டாவ்காரர் என்று ஒவ்வொரு தீவுக்கும் ஒரு சமூகம் வைத்திருக்கிறார்கள். செத்த வீடு, கலியாணம், புதிதாக வந்தவருக்குக் கட்டில், ஊருக்கு அனுப்பும் காசு எல்லாம் அதன் வழியாகத்தான். நம் ஊர்ச்சங்கங்கள் செய்யும் அதே வேலை. 2025 கடைசியில் இந்த ஒப்பந்தத்தில் முதலாவதாக வந்து இறங்கியவர்களில் ஒரு போதகரும் இருந்தார். பல் வைத்தியரோடும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண்ணோடும் ஒரு போதகரையும் சேர்த்துப் பார்க்கிறபோது எனக்கு விளங்குகிறது: சம்பளத்துக்கு வந்தவர்கள் மட்டும் இல்லை, கூடி இருப்பதற்கும் வழி தேடி வந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் சத்தம் வரும்தான். ஃபாத்தேலே ஆட்டத்தில் ஆண்கள் நடுவில் ஒரு மரப்பெட்டியைச் சுற்றியிருந்து கையால் அடிக்க அடிக்க வேகம் ஏறும், பெண்கள் ஆடுவார்கள். நம் அரங்கேற்றங்களுக்கு மிருதங்கத்தை ஒலிபெருக்கியில் வைத்துப் பக்கத்து வீடுகளை நாம் படுத்திய பாட்டை விடவா?

அங்கே மிச்சமாக நிற்பவர்களையும் யோசியுங்கள். இருபதிலும் முப்பதிலும் இருப்பவர்கள் போனால் வள்ளம் இழுப்பது யார், கிழவர்களைப் பார்ப்பது யார்? புனாபுட்டியில் கடலை நிரப்பி ஏழு ஹெக்டேயர் புதிய நிலம் உயர்த்தியிருக்கிறார்கள். போவதற்கு மட்டும் இல்லை, நிற்பதற்கும் பாடுபடுகிறார்கள். இங்கே வந்தவர் காலூன்றினால்தான் அங்கே இருப்பவருக்குத் தண்ணீர்த் தாங்கி வாங்கக் காசு போகும். காலூன்ற விசா போதாது, சனம் வேண்டும். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று சலிப்பு வரலாம். விளங்கும்வரை சொல்லத்தான் போகிறேன்.

"நீ ஏன் உள்ளுக்குள் பேசாமல் வெளியே எழுதுகிறாய், சங்கத்துக்குக் கெட்டபெயர்" என்று இதற்குள் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். உள்ளுக்குள் பேசினேன். என் கையில் இருந்த ஒலிவாங்கியை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். சங்கத்தின் பெயர் பற்றிய கவலை எனக்கும் இருக்கிறது, சந்தா கட்டுகிறவள் நான்.

குளிர்காலம் வருகிறது. அந்தப் பிள்ளைகள் வாழ்நாளில் பத்துப் பாகை குளிரைக் கண்டதில்லை. எட்டு வயது முதல் பதினைந்து வயது வரைக்குமான தடித்த ஜக்கட், சப்பாத்து, கம்பளி இருந்தால் தோய்த்துக் கொண்டுவாருங்கள், கிழிந்ததைத் தராதீர்கள். எல் பலகைக்காரரை ஏற்றிக் கார் ஓட்டப் பழக்க, முழு உரிமம் உள்ள ஆட்கள் வேண்டும், வாரத்தில் ஒரு மணித்தியாலம் போதும். தாதியராக வேலை செய்கிற அக்காமார் யாராவது, முதியோர் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பம் எழுத ஒரு பின்னேரம் உதவினால் பெரிய உபகாரம். உள்பெட்டியில் எழுதுங்கள், விலாசம் தருகிறேன். குரல் பதிவு போட்ட அண்ணையும் எழுதலாம், அவருக்கும் இரண்டு கார் நிற்கிறது.