தப்பாக நீக்கியது எத்தனை?

குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கும் படங்களைக் கணினி தேடிப் பிடிப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. பிடித்தே ஆக வேண்டும். 2019 டிசம்பரில் இங்கே திருச்சியில் அப்படிப் படங்களைப் பகிர்ந்த ஒருவரைக் கைது செய்தார்கள், பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டுதான் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க மையத்தோடு, அங்கே வரும் புகார்களைப் பெற ஒப்பந்தம் போட்டது. அந்த மையத்துக்கு வரும் புகார்களில் மிகப் பெரும்பகுதி இணையக் கம்பெனிகள் அனுப்புபவை. கோடிக்கணக்கான படங்களை ஆள் வைத்துப் பார்த்து இதைச் செய்யவே முடியாது.

ஆனால் கணினி கண்டுபிடிப்பதில் இரண்டு ரகம் உண்டு. 2009ல் மைக்ரோசாஃப்டும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ முதல் ரகம். குற்றம் என்று ஏற்கெனவே உறுதியான படத்துக்குக் கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும்; அதே படம் மறுபடி எங்கே தலைகாட்டினாலும் பிடித்துவிடும். இது பெரும்பாலும் சரியாக வேலை செய்கிறது. இரண்டாவது ரகம், இதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்த்துவிட்டு ‘இது அதுவாக இருக்கலாம்’ என்று ஊகிப்பது. 2021ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அப்பா, தன் சின்னப் பையனுக்கு இருந்த வீக்கத்தை டாக்டருக்குக் காட்டப் படம் எடுத்தார். கூகுளின் கணினி அதைக் குற்றம் என்றது. போலீஸ் விசாரித்து அவர் மேல் தப்பில்லை என்று சொன்ன பிறகும் அவருடைய கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. மின்னஞ்சல், குடும்பப் படங்கள், போன் நம்பர், எல்லாம் போனது.

காப்பிரைட் உள்ள பாட்டுகளைப் பிடிக்கவும் தளங்கள் இதே கைரேகை முறையைத்தான் வைத்திருக்கின்றன. அந்த முதல் ரகமும், ‘அச்சு அசல் அதே’ என்பதை விட்டு ‘ஏறக்குறைய அதே’ என்று இறங்கும்போது தடுமாறுகிறது. எங்கள் பக்கத்து ஊரில் ஒரு தம்பி நாதஸ்வரம் வாசிக்கிறார். மாசி மகத்தன்று சாமி புறப்பாட்டில் அவர் வாசித்ததை அவருடைய மச்சான் செல்போனில் எடுத்து ஒரு வீடியோ தளத்தில் ஏற்றினார். மல்லாரி, அப்புறம் ஒரு தியாகராஜர் கீர்த்தனை. இரண்டு தவில், நடுவில் வெடிச் சத்தம், ‘ஓரமா வாங்க, ஓரமா வாங்க’ என்று யாரோ கத்துவது, அத்தனையும் அதில் கேட்கும். இரண்டொரு நாளில் கீர்த்தனை வரும் இடம் ஊமையாகிவிட்டது. ஏதோ ஒரு இசைக் கம்பெனியின் ஒலிப்பதிவோடு ஒத்துப்போகிறதாம்.

‘அண்ணே, தியாகராஜ சுவாமி பாட்டுக்கு அந்தக் கம்பெனி எப்படிண்ணே ஓனர் ஆச்சு?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. திருவாரூரில் பிறந்து, 1847ல் திருவையாற்றில் சமாதியானவரின் பாட்டு. நம் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 60 ஆண்டோடு காப்பிரைட் முடிந்துவிடும். வாசித்ததோ இந்தத் தம்பியின் சொந்த மூச்சு. மறுப்பு அனுப்பினோம், எதிர்த் தரப்பு பதில் சொல்ல ஒரு மாத அவகாசம் என்று வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் ‘ஒரு வீடியோ அனுப்புங்க தம்பி’ என்று கேட்டுத்தான் இப்போதெல்லாம் முன்பணம் தருகிறார்கள். பங்குனி முகூர்த்தங்களுக்கு அவர் அனுப்ப வைத்திருந்த வீடியோ அதுதான்.

ஒரு கீர்த்தனையையும் குழந்தைகள் மேல் நடக்கும் கொடுமையையும் ஒரே தராசில் வைக்கிறாயா என்று கேட்பீர்கள். வைக்கவில்லை. ஆனால் இரண்டிலும் தப்பாக மாட்டிக்கொண்டவர் போய் நிற்கும் வாசல் ஒன்றுதான். அங்கே தமிழ் தெரிந்த, காது கொடுத்துக் கேட்கிற ஆள் இருக்கிறாரா என்பதுதான் என் கவலை.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 2021ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்கள் இப்படிப்பட்ட கருவிகளைப் பயன்படுத்த முயல வேண்டும் என்கின்றன. கருத்துச் சுதந்திரத்துக்கும் அந்தரங்கத்துக்கும் பங்கம் வராத அளவோடு இருக்க வேண்டும், மனிதக் கண்காணிப்பு வேண்டும், கருவி பாரபட்சம் காட்டுகிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்றும் அவற்றில் எழுதியிருக்கிறது. நல்ல வார்த்தைகள். ஆனால் மாதாமாதம் கம்பெனிகள் வெளியிட வேண்டிய அறிக்கையில் விதி கேட்பது என்ன? எத்தனை புகார் வந்தது, அதற்கு என்ன செய்தீர்கள், தானியங்கிக் கருவியால் எத்தனை நீக்கினீர்கள். தப்பாக நீக்கியது எத்தனை, திரும்ப வைத்தது எத்தனை, அதில் தமிழ் எத்தனை என்று ஒரு வரி கூடக் கேட்கவில்லை. நீக்கியதை மட்டும் எண்ணச் சொன்னால் கம்பெனி நீக்கிக்கொண்டேதான் இருக்கும். தப்பாக நீக்கினால் அதற்குச் செலவு இல்லையே.

அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பது 2020லேயே தெரிந்தது. கொரோனாவால் ஆட்கள் வீட்டுக்குப் போக, யூடியூப் கணினியை நம்பி நடந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை 1.1 கோடிக்கு மேல் வீடியோக்கள் நீக்கப்பட்டன. மேல்முறையீடு செய்தவற்றில் ஏறக்குறைய பாதி திரும்ப வைக்கப்பட்டன. முறையிடத் தெரியாதவர்களின் வீடியோக்கள் என்ன ஆயின?

ஐரோப்பாவின் 2022 டிஜிட்டல் சேவைச் சட்டம் இந்த இடத்தில் உறுதியாக நிற்கிறது. தானியங்கிக் கருவி எவ்வளவு துல்லியம், எவ்வளவு பிழை என்று சொல்ல வேண்டும். மிகப் பெரிய தளங்கள் துல்லியத்தையும், சரிபார்க்கும் ஆட்கள் எத்தனை பேர் என்பதையும் மொழிவாரியாகச் சொல்ல வேண்டும். ஐந்து லட்சம் சொச்சம் பேர் பேசும் மால்டா மொழிக்கு அந்த அறிக்கையில் ஒரு வரி உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடிப் பேர் பேசும் தமிழுக்கு நம் விதியில் அது இல்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

வாட்ஸாப் மாதிரி, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டிய உரையாடல்களுக்குள்ளும் கருவியை விடலாமா என்பது தனிச் சண்டை. 2021ல் ஆப்பிள் கம்பெனி, நம் படங்களைப் போனுக்குள்ளேயே சோதிக்கும் திட்டத்தை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2022ல் கைவிட்டது. திறந்த தளத்திலேயே பிழைக் கணக்கு காட்டாதவர்களை வீட்டுக்குள் விட எனக்குச் சம்மதமில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்தால், தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் முடிவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் ஒன்றிய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். வக்கீல் தேவையில்லை. ஸ்க்ரீன்ஷாட்டும் தேதியும் பத்திரமாக வையுங்கள்.

தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எம்.பி.க்கள் மூவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அந்த மாத அறிக்கையில் தப்பாக நீக்கியதற்கும் திரும்ப வைத்ததற்கும் மொழிவாரியாக இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்புங்கள். கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கமெண்டில் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள்.